ஞானத்தகப்பன் மேல் வழக்கு

1936 ஏப்ரல் 29, புதன்

காலையில் வாடகைக் காரைக் கழுவினேன். ஓட்ட விடாவிட்டாலும் கழுவ விடுகிறார் முனாப் முதலாளி. முன் மட்கார்ட் நசுங்கிக் கிடக்கிறது. துடைக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பேராதனை ரோட்டில் மதகில் இடித்த சத்தம் மறுபடி காதுக்குள். சத்தம் போகட்டும். அதற்குப் பிறகு பின் சீட்டில் பிள்ளை அழவில்லையே, அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னைக் கொல்கிறது. பத்து எண்ணுவதற்குள் அழுதுவிட்டான் என்கிறான் கிளறன்ஸ். அவன்தான் பிள்ளையின் தகப்பன், என் சிநேகிதன். நான் எண்ணவில்லை. எனக்கு அது இன்னும் முடியவில்லை.

அவன் பெண்சாதி டொரதிக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஏப்ரல் 30

பொலிசிலிருந்து கடுதாசி. குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக வழக்கு. மே 22, கண்டி பொலிஸ் கோட்டில் விசாரணை. பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. லைசன் போனால் வேறென்ன தொழில் தெரியும் எனக்கு?

என் வாயே எனக்குச் சத்துரு. அன்று கான்ஸ்டபிள் என் வாயை மோந்து பார்த்துவிட்டு, "குடிச்சியா?" என்றான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "பிள்ளைக்கு இன்னைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். முதல்ல நான் குடிக்காம விருந்துல மத்தவங்க எப்படிக் குடிப்பாங்க?" மூன்று கிளாஸ் என்று கணக்கும் சொன்னேன். டொரதி மதகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள், எனக்குப் பெருமை. தூ.

மே 4

முதலாளி எனக்காக வழக்குப் பேச ஒரு பெரிய புரொக்டரிடம் கூட்டிப்போனார். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. பொலிசிடம் நான் ஒத்துக்கொண்டது கோட்டில் செல்லாதாம். டாக்டரும் என்னைப் பார்க்கவில்லை. மிச்சம் வாசனைதான். விருந்தில் சாராயம் என் சட்டையில் கொட்டிவிட்டது, நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று கிளறன்ஸ் சத்தியம் பண்ணினால் போதும், வழக்கு தூள்.

"ஒண்டும் யோசிக்காதே வலன்ரைன். லைசன் போனா ஒனக்கு நான் எப்படிக் காரைத் தாறது?" என்றார் முதலாளி, வரும் வழியில். நல்ல மனுஷன்.

அங்கே ஒருத்தரும் நான் குடித்தேனா என்று கேட்கவில்லை.

மே 9

கிளறன்ஸுக்குச் சம்மதம். "பைபிளை முத்தம் செஞ்சு சொல்லிடுறேன் மச்சான். அப்புறமா சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம்."

டொரதி கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையில் பிள்ளை. வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். கவனிக்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

மே 10

தூக்கமில்லை. கண்ணை மூடினால் பின் சீட்டு. சத்தமே இல்லாத பின் சீட்டு.

மே 13

முதலாளிக்குத் தெரியாமல் இன்னொரு புரொக்டரைப் பார்த்தேன். செல்லப்பா என்று பெயர், யாழ்ப்பாணத்து ஆள், சின்ன வயது. மாடியில் ஒரே ஒரு அறை. உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். முதல் கேள்வியே,

"நீர் குடிச்சனீரோ?"

அழுதுவிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

"அப்ப, இல்லையெண்டு நான் கோட்டிலை சொல்லமாட்டன். குற்றத்தை ஒத்துக்கொள்ளும். இதுதான் முதல் தரம் எண்டு சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேக்கிறன். மறியல் வீட்டிலை அடைக்கமாட்டினம் எண்டு நினைக்கிறன். லைசன் போகும்."

மே 19

பெரிய புரொக்டர் வேண்டாமென்று முதலாளியிடம் சொன்னேன். "ஒனக்குப் பைத்தியமா?" என்றார். கிளறன்ஸுக்குத்தான் பெருங்கோபம். "ஒனக்காகப் பொய்ச்சத்தியம் பண்ணத் துணிஞ்சேனேடா! இப்ப நீ மட்டும் யோக்கியன், நான் யாரு?" அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

மே 21

பயமா இருக்கு. யேசுவே, இப்பகூட மாத்திக்கலாம். பெரிய புரொக்டர் வீடு பத்து நிமிஷ நடைதான். போயிரவா? போனா ஜெயிச்சிருவேன். அப்புறம்? அப்புறம் யாரு என்னைத் தண்டிக்கிறது?

மே 22

"குற்றவாளி" என்றேன். அபராதம். ஒரு வருஷத்துக்கு லைசன் இல்லை. வெளியே வந்ததும் பசித்தது. எத்தனை நாளைக்குப் பிறகு!

ஜூலை 3

முதலாளி கை விடவில்லை. ஷெட்டில் கார் கழுவுகிறேன், டயர் மாற்றுகிறேன். என் சீட்டில் செல்லச்சாமி என்ற புது டிரைவர். என் குஷனைத் தூக்கிப் போட்டுவிட்டான். கியரைப் போட்டுக் கிழிக்கிறான். கேட்டுக்கொண்டே அடுத்த டயரைக் கழற்றுகிறேன்.

நவம்பர் 14, சனி

கிளறன்ஸ் இன்னும் பேசுவதில்லை. இன்று டொரதி தனியாக ஷெட்டுக்கு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கார் வேண்டும். செல்லச்சாமி கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அண்ணே, இவரு வாயைக் கொஞ்சம் மோந்து பாருங்க. நீங்க சொன்னா ஏறுறேன்."

செல்லச்சாமி முகம் கறுத்துவிட்டது. எனக்கும் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் கிட்டப் போய், ஊதச் சொல்லி, மோந்து பார்த்தேன். வெற்றிலை வாசம் மட்டும்தான்.

"ஏறும்மா" என்றேன்.