வீட்டுச் சூழல் உகந்ததல்ல

என் கண்ணான மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ இருக்கும் இடத்தில் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். என் கையெழுத்தைப் படிப்பது உனக்குத் தண்டனைதான், தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டு ஓடிவிட்டது. நானும் துரத்திக்கொண்டு போகவில்லை.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும், அதுதானே வழக்கம். உன் அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பஸ் டிப்போவில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பையன்கள் பிளேடால் கிழித்த சீட்டுகள் வந்து குவிகின்றன. ஸ்பாஞ்சை மாற்றி, ரெக்சினை இழுத்துத் தைத்து அனுப்புகிறேன். கொஞ்ச நாளில் அதே சீட்டு கிழிந்து என்னிடமே வருகிறது. முன்பெல்லாம் கூட வேலை செய்கிறவர்கள் சீட்டைத் தூக்கிப் போடும்போதே, கிழித்தவனைப் பெற்றவனையும் சேர்த்துத் திட்டுவார்கள். உன் தம்பி ஜெயிலுக்குப் போன பிறகு என் எதிரில் யாரும் திட்டுவதில்லை. பேசாமல் இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள். பழையபடி திட்டித் தொலைக்கக் கூடாதா என்று இருக்கிறது.

அவன் செய்ததை நான் பூசி மெழுகப் போவதில்லை. செல்போன் கடையின் பூட்டை உடைத்தது கூட்டாளிகள். தடுக்க வந்த காவலாளியைத் தள்ளிவிட்டதும் அவர்கள்தான். ஆனால் அந்த மனிதர் இடுப்பெலும்பு முறிந்து கிடப்பதைப் பார்த்த பிறகும் பைக்கைக் கிளப்பி அவர்களை ஏற்றிக்கொண்டு போனவன் நம் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். காவலாளியின் மனைவி என்னைத் திட்டவில்லை. நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். வாங்கிப் போன பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததை இனிமேல்தான் எழுத வேண்டும்.

உன் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். இதுதான் முதல் தப்பு, வயதும் சின்னது, அதனால் ஜெயிலில் வைக்காமல் பெற்றவர்கள் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று வக்கீல் கேட்டார். நீதிபதி உடனே சரி என்று சொல்லவில்லை. வீடு எப்படி, பெற்றவர்கள் எப்படி என்று பார்த்து எழுதித் தர ஒரு நன்னடத்தை அலுவலரை அனுப்பினார். நல்ல மனிதர். நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் நான் பொய் சொன்னேன்.

உன்னைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. போன லீவில் உன் குற்றவியல் பரீட்சைக்காகச் சமையல்கட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாய், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் கைதிகளின் மண்டையையும் தாடையையும் அளந்து பார்த்துவிட்டு, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்று சொன்னாராம். நான் என் தாடையைத் தடவிப் பார்த்தேன், நீ சிரித்தாய். அதெல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது, சேர்க்கை ஒரு காரணம், ஆசைக்கும் வசதிக்கும் நடுவில் விழுகிற பள்ளம் ஒரு காரணம், அடியும் குடியுமாக இருக்கிற வீடு ஒரு காரணம் என்றாய். ஒருவனைத் திருடன் திருடன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கடைசியில் அவன் அப்படியே ஆகிவிடுவான் என்றும் சொன்னாய். அரைகுறையாகக் காதில் விழுந்ததை நான் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தேன்.

குற்றம் என்பது ஒரு மூட்டை, நான் ஒரு முனையைத் தூக்கினால் அவனுக்குப் பாரம் குறையும் என்று நினைத்தேன். அலுவலர், குடிப்பீர்களா என்று கேட்டார். தினமும் என்றேன். இருமல் மருந்துக்கே எனக்குத் தலை சுற்றும், உனக்குத் தெரியாததா. பிள்ளையை அடிப்பீர்களா என்றார். பெல்ட்டால் என்றேன். அவர் என் இடுப்பைப் பார்த்தார். என்னிடம் பெல்ட்டே கிடையாது, தொப்பைதான் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது திருந்திவிட்டேன், பெல்ட்டையும் தூக்கி எறிந்துவிட்டேன் என்று ஒரு சமாளிப்பு வேறு. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எழுத எழுத எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மனைவியையும் விட்டுவைத்ததில்லை என்று சொன்ன நேரத்தில் உன் அம்மா டீயோடு வந்து நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, பயந்த முகம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அவர் போன பிறகு உன் அம்மா சொன்னது இவ்வளவுதான்: “இத்தன வருஷமா உங்ககூடத்தான் குடும்பம் நடத்துறேன். நீங்க சொன்ன அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியல.”

அறிக்கை வந்துவிட்டது. வக்கீல் படித்துக் காட்டினார். பையனைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்: வருந்துகிறான், திருந்தக்கூடியவன். அதற்குக் கீழே, வீட்டுச் சூழல் உகந்ததல்ல, இவனைப் பெற்றோர் பொறுப்பில் அனுப்பப் பரிந்துரைக்க இயலாது என்று இருக்கிறது. என்னை மாதிரி ஒரு அப்பனிடம் எந்த நீதிபதி பிள்ளையை அனுப்புவார் என்று வக்கீல் என்னிடமே கேட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அலுவலரிடம் ஓடினேன். சொன்னதெல்லாம் பொய் என்றேன். அவர் கோபப்படவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். “அடிக்கிறவங்க யாருங்க அடிக்கிறேன்னு ஒத்துக்கிறாங்க? நீங்க ஒத்துக்கிட்டீங்க. இப்ப பயந்துட்டு மாத்திப் பேசுறீங்க. எனக்குப் புரியுது” என்றார். பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள் என்றேன். விசாரித்தாராம். ஒரு சத்தமும் கேட்டதில்லை என்றார்களாம். இந்த மாதிரி வீடுகளில் சத்தம் வெளியே வராது என்றார். அதற்கு மேல் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் குடிகாரன்தான்.

கடைசி வழி என்று ஜெயிலுக்குப் போனேன். அவனாவது உண்மையைச் சொல்லட்டும் என்று. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான், முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். அலுவலர் ஏற்கனவே அவனிடமும் வந்து கேட்டிருக்கிறார். என்னடா சொன்னாய் என்றேன். “நீ ஏதோ காரணமாத்தான் அப்படிச் சொல்லியிருப்பேன்னு தோணுச்சுப்பா. நான் இல்லேன்னு சொன்னா உன்னப் பொய்யன்னு சொல்லிடுவாங்கல்ல. அதான், ஆமா, அடிப்பாருன்னு சொல்லிட்டேன்” என்றான். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல என் முகத்தைப் பார்த்தான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

உன் அம்மா பேச்சைக் கோர்ட்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவள் பயந்தவள் என்று ஆகிவிட்டது. வக்கீல் ஒரு வழிதான் சொல்கிறார். அதே வீட்டில் வளர்ந்து, இன்று எங்கள் கையை எதிர்பார்க்காமல் தனியாக இருக்கிற ஒருவர் நீதிபதி முன்னால் நின்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டாம். அப்படி ஒருவர் நீதான்.

உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் துறையில் யாருக்கும் இது தெரியாது. கோர்ட்டில் நீ யார், என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். கைதியின் அக்கா என்று எழுதிக்கொள்வார்கள். மண்டையை அளக்காவிட்டாலும் மனிதர்கள் பார்வையாலேயே அளப்பார்கள், டிப்போவில் தினமும் பார்க்கிறேன்.

கடைசியாகப் பேசினபோது, அவன் பிறவியே அப்படித்தான்பா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். கோபத்தில் சொன்னது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அவனை மனசுக்குள் அதைவிட மோசமாகத் திட்டியிருக்கிறேன். நேற்று உன் அம்மாவிடம், பெரியவளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவள் உன் கட்டிலில் இருந்த துணிமூட்டையை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் தீர்ப்பு. அப்பா தங்கமானவர் என்றெல்லாம் நீ சொல்ல வேண்டாம், அந்த அளவுக்கு நானும் இல்லை. அவன் வளர்ந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன் என்று சொன்னால் போதும். மீதியை அவர்கள் உன்னைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

போன வாய்தாவுக்கு அவனைக் கூட்டி வந்தபோது என்னைப் பார்த்தான். பிறகு எட்டி என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

வர முடியாவிட்டால் வருத்தப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நன்றாகப் படி. நாளைக்கு நீ பெரிய வேலைக்கு வந்து, யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியாவது எழுத உட்காரும்போது உன் கை ஒரு நிமிஷம் தயங்கட்டும். அந்த மனசு உனக்கு நீடூழி நிலைக்க வேண்டும்.

கோர்ட் வாசலில் நிற்பேன்.

உன் அப்பா