பர்ஸானின் பேரில் ஒரு வீடு

ஜனவரி 9
கூட்டத்துக்குப் போனோம். சுனாமியில் கடல் அடித்த பிறகு கரையை விட்டுப் போன சனத்தைத் திரும்பவும் குடியேற்றப் போறாங்களாம். படிக்க ஆளில்லாமல் மூடப்போற கரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தால் புது வீடு சும்மா கிடைக்கும். அஞ்சு வருசம் பிள்ளை அங்கேயே படிக்க வேணும். நிறுத்தினால் வீடு பறிபோகும். இவர் வழி நெடுகச் சிரிச்சிக்கிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வரேல்ல. கடல் பயமா? அதுவும்தான்.

ஜனவரி 14
உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டைத் தங்கச்சி றுஸ்தாவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்றா. வீடில்லாமல்தான் அவளுக்குக் கல்யாணம் இழுபடுகிறது, உண்மைதான். "ராத்தா, உங்களுக்குத்தான் புது ஊடு கிடைக்கிதே," என்று கையைப் பிடித்தாள். எப்படி மறுக்கிறது?

பெப்ரவரி 3
எழுதிக் கொடுத்தாச்சு.

பெப்ரவரி 20
புது வீட்டுப் பத்திரம் இவர் பேரில், பர்ஸான் எண்டு வந்திருக்கு! கேட்டால், "குடும்பத் தலைவர்ட பேருக்குத்தான் குடுப்பம்" என்கிறார் கிளார்க். எங்கட ஊரில் வீடு பொம்பிளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருக்கிறவர். கோபம் வந்தால் பேக்கைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போறதும் அவர்தான். பிறகு உம்மா சமாதானம் பேசிக் கூட்டி வருவா. இனி? "உன்ட மாப்பிள்ளதானே, என்ன பயம்?" எண்டா உம்மா.

ஏப்ரல் 24
குடி வந்தோம். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மகள் ஸம்ஸியாவுக்குப் பள்ளிக்கூடம் நல்லாப் பிடித்துவிட்டது. நான் கடலுக்குக் காது கொடுத்துக்கொண்டே சோறு ஆக்குகிறேன்.

ஜூன் 17
சண்டை. றுஸ்தாவுக்கும் புது மாப்பிள்ளைக்கும் விருந்து வைக்கணும் எண்டன், அவ்வளவுதான். நானும் வாயை அடக்கேல்ல. பழக்கத்தில் பேக்குக்குள்ள சட்டையைத் திணிச்சுக்கொண்டு வாசல் கேற் வரைக்கும் போனார். நின்றார். திரும்பி வந்து பேக்கை என்ட காலடியில் வச்சார்.
"நான் ஏன் போகணும்? இது என்ட ஊடு. நீ போ."
ஸம்ஸியாட கையைப் பிடிச்சன்.
"புள்ள போகேலா. அவள் இஸ்கூல உட்டா ஊடு போயிடும்."
யா அல்லாஹ்! நான் எங்க போக? உம்மாவும் றுஸ்தாவோடதான். என்ட வீட்டுல இப்ப றுஸ்தாட மாப்பிள்ளை இருக்கார்.

ஜூன் 18
பிழை என்னிலதான் எண்டு சொல்லிட்டன். வேற என்ன செய்ய?
காலையில் ஸம்ஸியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அவர் உள்ளேதான் இருந்தார். தள்ளப் போன கையை எடுத்துக்கொண்டேன். தட்டிவிட்டு வெளியே நின்றேன். நான் இருக்கிற வீட்டின் கதவை இதுநாள் வரைக்கும் தட்டினதே இல்லை.