பட்டினிக் குஞ்சுகளின் நிறைந்த இரைப்பை

புதுச்சேரி,
14.8.2004

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் சின்னத் திருட்டுத்தனம் ஒன்று நடந்தது. பயப்படாதீர்கள். மூளையில் அபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் இடங்களை அடைத்துவிட்டால் கோழிக்குஞ்சு தீனியைக் குறைக்குமா என்று பார்க்கிறோம். ஊசிக்கு முன் குஞ்சுகளுக்கு மூன்று மணி நேரம் பட்டினி. நேற்று மருந்தே போடாத குஞ்சுகளும் தீனியைத் தொடவில்லை. ஒன்றின் கழுத்தடியைத் தடவினேன். இரைப்பை நிறைந்திருந்தது. கூண்டு கழுவும் நிர்மலாக்கா மேல் எனக்கு முன்பே சந்தேகம். நேராகவே கேட்டேன்.

"ஆடி வெள்ளி பாப்பா. வீராம்பட்டினத்துல ஊத்துன கூழு. இதுங்க பசியில கத்தசொல்ல நான் மட்டும் எப்படி குடிக்கிறது? நீயுந்தான் தெனமும் தனியா உக்காந்து, சோத்த அப்படியே மூடி வைக்கிற. நான் பாத்துகினுதான் இருக்கேன். இந்தா, உனக்கும் இருக்குது."

அவர் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள், அப்பா.

நேற்றைய சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று மட்டும் என் ஆராய்ச்சி வழிகாட்டியான சாரிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. இப்போது அவர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்.

தபால் எடுக்கும் நேரம். அம்மாவை எள்ளுப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு.

உங்கள் மகள்,
சிவசங்கரி