வீட்டுக்கு வரும் பாராட்டுக் கடிதம்

திருவனந்தபுரம்
3.6.2024

அன்புள்ள ஆனந்தபாய் அம்மாவுக்கு,

அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் எங்கள் கம்பெனியில் போன மாதம் உங்கள் மகன் ஜித்தின்தான் முதலிடம். நன்றாக வேலை செய்பவர்களின் வீட்டுக்கு மாதாமாதம் எழுதுவது எங்கள் வழக்கம். நானும் உங்கள் பக்கத்து ஊர் வெள்ளறடைக்காரிதான், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். பதில் போடுங்கள்.

அன்புடன்,
பிரசீதா
பணியாளர் நலப் பிரிவு


குன்னத்துகால்
7.6.2024

அன்பு மகள் பிரசீதாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தைச் சபையில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டேன். எங்கள் ஜித்தின் துரை வீட்டில் வாயே திறப்பதில்லை. கண் சிவந்து வருவான், படுத்துவிடுவான்.

ஒரு விஷயம். 25ஆம் தேதி கொச்சியில் வேறு கம்பெனியில் அவனுக்கு இன்டர்வியூ. அங்கே வேலை கொஞ்சம் இலகுவாம். "அம்மா, ஆருகிட்டயும் செல்லப்பிடாது" என்றான். நீங்கள் நம்ம ஊர்ப் பிள்ளை அல்லவா, அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இவ்வளவு நன்றாக எழுதுகிறீர்களே, அந்தக் கம்பெனிக்கும் அவனைப் பற்றி இரண்டு வரி எழுதக் கூடாதா?

ஆனந்தபாய்


திருவனந்தபுரம்
13.6.2024

அன்புள்ள அம்மா,

சொன்னது நல்லதாயிற்று. ஜித்தினை டீம் லீடராக்கப் போகிறோம். அவருடைய அசல் சான்றிதழ்கள் எல்லாம் வேண்டும். திங்கட்கிழமை அவர் இங்கே வேலையில் இருக்கும்போது எங்கள் டிரைவர் ராஜதாஸ் வருவார், கொடுத்துவிடுங்கள். ஜித்தினுக்கு இப்போது தெரிய வேண்டாம். பிறகு தெரிந்து சந்தோஷப்படட்டும்.

பிரசீதா


குன்னத்துகால்
18.6.2024

மகளே,

ராஜதாஸ் வந்தார். சாயா மட்டும் குடித்தார், பாவம். பீரோவிலிருந்த ஃபைலை அப்படியே கொடுத்தேன். ஞானஸ்நானச் சான்றிதழும் அதில் இருக்கிறது, அதை மட்டும் திருப்பி அனுப்புங்கள். அவன் கொச்சிக்குப் போகச் சட்டை தேய்த்து வைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனந்தபாய்


திருவனந்தபுரம்
27.6.2024

அன்புள்ள அம்மா,

சான்றிதழ்கள் எங்கள் லாக்கரில் பத்திரமாக உள்ளன. அவை இல்லாமல் ஜித்தினால் கொச்சிக்குப் போக முடியவில்லை. நேற்று எங்களோடு மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது முடிந்ததும் சான்றிதழ்களைத் தருவோம். "யார் குடுத்தது?" என்று மட்டும் கேட்டார். உங்கள் கடிதங்களைக் காட்ட வேண்டியதாயிற்று. கம்பெனி விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்று அவரே கேட்டார், அறை கொடுத்துவிட்டோம். ஞானஸ்நானச் சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிரசீதா


குன்னத்துகால்
15.7.2024

பிரசீதா,

மகள் என்று எழுதக் கை வரவில்லை.

ஜித்தின் வந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்களாம்மா?" என்றான், அவ்வளவுதான். இப்போது போன் எடுப்பதில்லை. விடுதி வாசல்வரை வந்தேன், காவலாளி உள்ளே விடவில்லை. அவன் கீழே இறங்கியும் வரவில்லை.

உங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனாலும் இந்த மாதக் கடிதம் இன்னும் வரவில்லையே. அவன் சாப்பிடுகிறானா, கண் எப்படி இருக்கிறது என்று நான் வேறு யாரிடம் கேட்பேன்? தவறாமல் எழுதுங்கள்.

ஆனந்தபாய்