அடுக்குமா அக்கா?

பூந்தமல்லி,
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பும் அறிவும் நிறைந்த, இந்த நிமிஷம் வரை என்னிடம் ஏமாந்திருக்கிற ரூஹி அக்காவுக்கு, தம்பி மஸூத் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது.

தன்பாத்தில் உன் ஹாஸ்டல் வாசலில் இந்தப் பார்சலை வாங்கும்போதே ‘இந்தப் பயல் கடிதமெல்லாம் எழுதுகிறானா?’ என்று பயந்திருப்பாய். பயப்படாதே. அதாவது, கொஞ்சம் கழித்துப் பயப்படு. முதலில் நல்ல செய்தி.

போன வாரம் உனக்கு ஒரு படம் அனுப்பினேன் அல்லவா? வெள்ளை, பச்சை, மஞ்சள், நீலம், அடியில் சிவப்பு என்று வரிவரியாக ஒரு பாறை மலை, அதற்கு மேலே வானம். நீயும் உடனே, “டேய், எங்கடா போன நீ? இது மணற்பாறைடா. இவ்ளோ மெல்லிசா வரி விழுந்து நான் பாத்ததே இல்ல” என்று குரல் செய்தி அனுப்பினாய். உன் ஜியாலஜி வகுப்பு முழுக்கக் காட்டியதாகவும் சொன்னாய். மலையைப் பார்த்து மலைத்தாயே அக்கா, அந்த மலையைத்தான் என் பழைய பனியனில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்.

அது பாறை இல்லை, பெயிண்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் அத்தா ஸ்பிரே அடிக்கிற பட்டறையில், கட்டிலையும் பீரோவையும் மாட்டித் தொங்கவிட இரும்புக் கொக்கிகள் இருக்கும். சாமானுக்கு அடிக்கும்போது கொக்கிமேலும் கொஞ்சம் படியும், காயும். அதன்மேல் அடுத்த ஆர்டரின் நிறம். யாரும் சுரண்டுவதில்லை. அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று அதில் ஒரு கட்டியைத் தட்டி எடுத்து, ஆக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உள்ளே உன் மலைத்தொடர்! அடிவாரத்து மணல் நம் வீட்டு ரவை. வானம், அம்மாவின் நீல பக்கெட்.

சிரித்துவிட்டாயா? சரி. என்னிடம் இருந்த சிரிப்பு அவ்வளவுதான்.

அத்தாவுக்கு இருமல். பெருநாளுக்கு வந்தபோது நீ கேட்ட இருமல் இல்லை, இது வேறு மாதிரி. இருமி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா மிளகுப் பால் போட்டுக் கொடுக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்தது இருமல் மட்டும்தான். பட்டறையில் முகமூடி போடச் சொன்னால், “அத்த மாட்டிகினு மூச்சு உட முடிலடா” என்கிறார்.

உனக்குப் படம் அனுப்புவதற்கு முந்தின வாரம், துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் கைக்குட்டை இருந்தது. விரித்தால் உள்ளே சிவப்பு. கொண்டுபோய் அவரிடமே காட்டினேன். “இன்னாடா மொறைக்கிற? தீயணைப்பு வாளி ஆர்டர் ஓடுது. அந்தச் செவப்பு” என்றார். அப்புறம் என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, “ரூஹிக்குப் பரீட்ச. வாயத் தொறந்து சொல்லக்கூடாது, போன்லயும் சொல்லக்கூடாது” என்று சத்தியம் வாங்கினார். பெயிண்டுக்கு எதற்குச் சத்தியம் என்று இந்த மண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

நேற்று அவர் முகம் வாடிக் கிடந்ததே என்று, உன்னை ஏமாற்றிய கதையை எடுத்துவிட்டேன். “எம் பொண்ணையே ஏமாத்திட்டியா நைனா!” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கண்ணாடியை மாட்டி, கட்டியை உள்ளங்கையில் வைத்து, நகத்தால் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். “இந்த வெள்ள, ஆஸ்பத்திரி கட்டிலு. ரெண்டு மாசமா இதான் ஓடிகினு கீது. பச்ச, ஸ்கூல் பெஞ்சு. மஞ்ச, சைக்கிள் ஸ்டாண்டு. நீலம், பீரோ, அப்பதான் ரூஹி தன்பாத் போச்சு.” நகம் அடியில் போய் நின்றது. “இந்தச் செவப்பு தீயணைப்பு வாளி. அந்தக் கம்பெனிக்காரன் ஒரகடம் போய்ட்டான். அதுக்கப்புறம் செவப்பையே நாங்க தொடல.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நகத்தை எடுக்கவில்லை. நானும் நிமிரவில்லை. சமையல்கட்டிலிருந்து அம்மா, “இன்னா அப்பனுக்கும் புள்ளைக்கும் சிரிப்பு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல சைனம்பு” என்றார் அத்தா. கட்டியை என் கையில் திணித்து, “போய்ப் படிடா” என்றார். அவர் சாயம் வெளுத்தது அங்கேதான்.

கைக்குட்டையில் இருந்தது என்ன என்று எழுத நினைத்து, இந்தத் தாளில் ஒரு வரியை அடித்திருக்கிறேன் பார். உற்றுப் படிக்காதே.

அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் சைக்கிளை எடுத்து அயனம்பாக்கம் ஏரி வரை போனேன். போய் இறங்காமலே திரும்பி வந்தேன். தெருவில் ஒரு காலிங் பெல்லைக்கூட அழுத்திவிட்டு ஓடவில்லை. எதிர்வீட்டு சுலோசனா ஆன்ட்டி கவலைப்பட்டு, “ஒடம்பு கிடம்பு சரியில்லியாடா?” என்று விசாரித்தார். அத்தாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “ரூஹி பரீட்ச முடிஞ்சி வரட்டும், பாக்கலாம்” என்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கட்டில் அனுப்பத் தெரிகிறது, அவர் போகத் தெரியவில்லை.

பரீட்சை நேரத்தில் இதை என் தலையில் போடுகிறாயே, அடுக்குமா என்று கேட்பாய். அடுக்காதுதான். ஆனால் நான் சொன்னால் கேட்காத மனிதர், நீ சொன்னால் கேட்பார். சத்தியத்தையும் நான் மீறவில்லை. வாய், போன் இரண்டைத்தான் அடைத்தார். தபாலில் வருவது பேங்க் நோட்டீஸ் மட்டும்தான் என்று நினைத்துவிட்டார், பாவம்.

போன் செய்து, உடம்பு எப்படி இருக்கிறது அத்தா என்று கேட்காதே. “எனுக்கு இன்னா, கல்லு மாரி கீறேன்” என்பார். நான் அனுப்பிய கட்டியும் கல் மாதிரிதான் இருந்தது.

இப்படிக் கேள்: ‘அத்தா, மஸூத் அனுப்பின கல் வந்துடுச்சு. இதுல செவப்பு எங்க இருக்கு, மேலயா, அடியிலயா?’ அதை மட்டும் கேள். அவர் பதில் சொல்லும்வரை போனை வைக்காதே. எவ்வளவு நேரம் ஆனாலும் வைக்காதே அக்கா.

உன் பரீட்சையையும் அத்தாவின் மூச்சையும் அல்லாஹ் லேசாக்கித் தருவானாக. ஆமீன் சொல்லிவிட்டு உடனே போனை எடு.

வஸ்ஸலாம்.
இன்னும் வாயைத் திறக்காத உன் தம்பி,
மஸூத்