வெறும் நம்பர்தானே

மார்ச் 3, செவ்வாய்

பதிவுகளைச் சேமித்து வைக்கும் டிரைவ் திறக்கவில்லை. விளக்கு எரிகிறது, உள்ளே சுற்றும் சத்தம்கூடக் கேட்கிறது. கணினி மட்டும் ஏற்க மாட்டேன் என்கிறது. வயரை மாற்றினேன், சொருகும் இடத்தை மாற்றினேன். ஊஹூம்.

கீழ் வீட்டில் இருக்கும் பெரிய நாத்தனாருக்காக இரண்டு வருடமாக நான் வாசித்துப் பதிவு செய்த தோத்திரப் பாடல்கள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. கண் பார்வை போனபிறகு அவருக்குப் பிரார்த்தனை என்றால் இதைக் கேட்பதுதான். அவருடைய சின்னப் பிளேயரில் கொஞ்சம்தான் பிடிக்கும்; வெள்ளிதோறும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சிலவற்றை ஏற்றிக் கொடுப்பேன்.

இந்த வெள்ளிக்கு என்ன கொடுப்பது?

மார்ச் 4

இவரிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "ஓசியில கிடைக்குதுன்னு லினக்ஸைப் போட்டா இப்படித்தான்" என்றார்.

ஓசியாம்! விண்டோஸைத் தாங்க முடியாமல் மூச்சிரைத்துக் கிடந்த கிழட்டுக் கணினி இது. நானே படித்து, நானே லினக்ஸ் போட்டு ஓட வைத்தேன். வீட்டு வரவு செலவெல்லாம் இதில்தான். மின் கட்டணத்தில் தப்பு கண்டுபிடித்துக் கொடுத்த அன்று மட்டும் இது நல்ல கணினி.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். போன சனிக்கிழமை டிரைவை வாங்கிக்கொண்டு போய்த் திங்களன்று திருப்பிக் கொடுத்தவன் அவன்தான்.

"ஃபார்மேட் பண்ணிடுங்க அண்ணி. அஞ்சு நிமிஷ வேலை."

"உள்ள இருக்கறதெல்லாம் போயிடுமே தம்பி?"

"மறுபடி படிச்சிட்டாப் போச்சு. உங்களுக்கென்ன, வீட்லதானே இருக்கீங்க?"

வீட்லதானே இருக்கேன். ஆமாம். எல்லோரும் கிளம்பியபின், தண்ணீர் மோட்டார் ஓடாத நேரம் பார்த்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து வாசித்தேனே — அதற்குப் பெயர் வீட்டில் சும்மா இருப்பது.

ஆண்டவனே, நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். உனக்காக மட்டும்.

மார்ச் 5

ரிப்பேர் கடையிலும் அதே ஃபார்மேட். இந்த ஒரு சொல்லை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

"பரவாயில்லம்மா, பழசையே கேக்குறேன்" என்றார் நாத்தனார். கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

மேலே வந்து கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தேன். ஏன் ஏற்க மாட்டாய் என்று கணினியிடமே கேட்டுவிடலாம். கட்டளையை அடித்ததும் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன்.

டிரைவ் கெடவே இல்லை! கடைசியாக அதைத் திறந்த விண்டோஸ் அணையாமல் தூங்கிக்கொண்டிருக்கிறதாம். இந்த நிலையில் எதையாவது எழுதினால் உள்ளே இருப்பது சேதமாகும், அதனால் தொட மாட்டேன் என்கிறது லினக்ஸ். ஓசி லினக்ஸ்! இவர் அதைத் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது என் பாடல்களுக்குக் காவல் நின்றிருக்கிறது.

மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு, அணைக்காமலே வயரைப் பிடுங்கிய மகராசன் யார்? கேட்க வேண்டுமா என்ன.

மார்ச் 7

எழுதாமல், பார்க்க மட்டும் திறக்க ஒரு வழி இருக்கிறது. கட்டளையில் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். கும்பிட்டுவிட்டுச் சேர்த்தேன். திறந்தது.

சினிமா. வரிசையாகச் சினிமா.

என் பதிவுகளில் 41 முதல் 60 வரை காணோம். மற்றவை இருக்கின்றன.

மேலும் கீழும் தேடினேன். இல்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருளையும் ஓட விட்டேன். கிடைத்ததெல்லாம் துண்டு துண்டு. என் குரல் பாதிச் சொல்லில் அறுந்து நிற்கிறது. அந்த இடத்தில் எவனோ ஒரு கதாநாயகன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

மார்ச் 8, ஞாயிறு

கொழுந்தனை வரச் சொன்னேன்.

"இடம் பத்தலை அண்ணி. பேர்கூட இல்லாம வெறும் நம்பர்தானே போட்டிருந்துச்சு? வேண்டாததுன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

வெறும் நம்பர்! ரசீதுக்கு நம்பர் போட்டு அடுக்கிப் பழகிய கை, பாடலுக்கும் அப்படித்தான் போட்டது. அது அந்தந்தப் பாடலின் எண். ஒன்றைத் திறந்து இரண்டு வினாடி கேட்டிருந்தால் தெரிந்திருக்காதா?

இவர் குறுக்கே வந்தார். "சின்னப் பையன், விடேன்."

முப்பத்தைந்து வயதுச் சின்னப் பையன்!

"விட மாட்டேன்! அடுத்தவங்க பெட்டியைத் திறந்து, உள்ள இருக்கறதைக் கேக்காமக் கொள்ளாம வெளிய கொட்டுவாரா? என் குரல்னா அவ்வளவு இளப்பமா?"

கத்திவிட்டேன். கத்தியதற்கு வருத்தமில்லை என்றும் எழுதி வைக்கிறேன்.

சத்தம் கேட்டு, கைப்பிடியைத் தடவித் தடவி நாத்தனார் மேலே வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டார். தம்பி இருந்த பக்கம் திரும்பினார்.

"டேய், அழிச்சவன் நீ. நீயே படி."

"எனக்கு இதெல்லாம் வராதுக்கா. நான் கும்பிடறதே இல்ல."

"கும்பிடவா சொன்னேன்? படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டத் தெரியும்ல?"

மார்ச் 9

அவனுடைய மடிக்கணினியில் டிரைவை மாட்டி, நான் பக்கத்தில் நின்று, முழுக்க அணைக்க வைத்தேன். பிறகு என் கணினியில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிக்கொண்டது.

மார்ச் 15, ஞாயிறு

வந்தான். 41. மூச்சு விட வேண்டிய இடத்தில் விடுவதில்லை, விடக் கூடாத இடத்தில் விடுகிறான்.

"என்னடா, கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்ற மாதிரி படிக்கிற?" என்று நாத்தனார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கோபம் தீர வேண்டும் என்று பிரார்த்தித்தேன் — முழு மனதோடு அல்ல.

ஏப்ரல் 5

45. மின்விசிறியை நிறுத்தினேன். நன்றாக வியர்க்கட்டும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

48. ஒரு சொல்லில் நாக்கு இடறியது. அவனாகவே நிறுத்தி, அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தான். முடித்ததும் நாத்தனார் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணி, இதை இன்னொரு இடத்துலயும் காப்பி போட்டு வைங்க. எவனாவது அழிச்சிடப் போறான்."

எவனாவதாம்!