நான்கு துளைகளில் நான் எழுதிய ‘அடை’

அனுப்புநர்:
‘வால்’ (பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு, அதைச் சொல்லி விசாரித்தால் இங்கே யாருக்கும் தெரியாது),
பேருந்து ஓட்டுநரின் மகள், பதினொன்றாம் வகுப்பு,
மூன்றாம் மாடி, இரண்டாம் வீடு,
பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
கட்டடப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: மைனாக்கள் அடைகாக்கும் நான்கு சுவர்த் துளைகள் நேற்று மாலை சிமெண்ட் வைத்து மூடப்பட்டமை – இன்று நண்பகலுக்குள் திறக்க எழுத்துமூல உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்பின் பின்சுவரில், கட்டிய காலத்தில் சாரக்கம்பு செருகிய துளைகள் நாற்பத்தொன்று மூடப்படாமல் இருந்தன. எங்களுக்கு வீடு ஒதுக்கத் தங்கள் துறைக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. மைனாக்கள் விண்ணப்பமே போடாமல் குடியேறிவிட்டன. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. தரைத்தளத் தையல்கார அக்கா, எந்தத் துளையில் எந்த ஜோடி என்று ஒன்பது ஆண்டுகளாக நோட்டில் குறித்து, பறவைக் கணக்கெடுப்பவர்களுக்கு அனுப்பி வருகிறார். முதல் மாடி நர்ஸ் வீட்டில், கூடு கட்டும் மாதங்களில் பின்பக்கக் கொடியில் ஒரு துணிகூடக் காயாது. இரண்டாம் மாடித் தச்சர், சுவர் அதிரக் கூடாது என்று மரம் அறுக்கத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போவார்.

2. சுவர்ப்பூச்சு வேலை வருவதறிந்து சென்ற மாதம் நாங்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, “கூடு உள்ள துளைகளைக் குடியிருப்போர் குறித்துக் காட்டினால் அவற்றை விட்டுவிடலாம்” என்று தாங்கள் அன்புடன் உத்தரவிட்டீர்கள். குறிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சாரத்தில் பயமில்லாமல் ஏறுபவள் நான் மட்டுமே.

3. எல்லாவற்றிலும் ‘கூடு’ என்று எழுதச் சொன்னார் அக்கா. நான் அப்படியே செய்திருந்தால் இந்த மனுவுக்கு வேலை இல்லை. நோட்டில் உள்ளபடி நுணுக்கமாக இருக்கட்டும் என்று, கட்டிக்கொண்டிருந்த மூன்றில் ‘கூடு’ என்றும், பொரித்திருந்த நான்கில் ‘குஞ்சு’ என்றும், பறவை முட்டை மேல் அடைக்கு உட்கார்ந்திருந்த நான்கில் ‘அடை’ என்றும் சுண்ணக்கட்டியால் எழுதினேன். துளை எண்கள் 9, 17, 26, 33.

4. நேற்று புதன்கிழமை நான் பள்ளியில் இருந்தபோது கொத்தனார் வந்தார். ‘கூடு’ என்ற துளைகளை விட்டார். ‘குஞ்சு’ என்ற துளைகளையும் விட்டார். ‘அடை’ என்ற நான்கையும் உடைந்த செங்கல் வைத்து அடைத்து, மேலே சிமெண்ட் பூசி, மட்டப்பலகையால் தேய்த்து அழகாக முடித்திருக்கிறார். “அடைன்னு எழுதி வச்சா அடைக்காம வேற என்ன கண்ணு பண்ணுவேன்?” என்று கேட்டார். அவர் மீது புகார் இல்லை. புறா வளர்ப்பவர் அவர். விஷயம் விளங்கியதும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

5. உடனே உடைத்துவிடலாம் என்றார். மேற்பார்வையாளர் விடவில்லை. சாரப்பலகைகளைக் கழற்றிப் பூட்டிவிட்டு, “பொறியாளர் கையெழுத்துப் போட்ட தாள் வரட்டும். உன் கையெழுத்தை நம்பி என் தலையெழுத்தை மாத்திக்க நான் தயாரா இல்ல” என்றார்.

6. அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. ‘மொட்டை மாடிக்கு முடி வளரும்வரை யாரும் மேலே செல்லக் கூடாது’ என்று தங்கள் அலுவலக முத்திரையுடன் மாடிப்படியில் ஒட்டியிருந்த அறிவிப்பு தங்களுக்கும் வந்திருக்கும். முத்திரை, பாதி வெட்டிய உருளைக்கிழங்கு. வெட்டியவள் நான். இதற்கான தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். அதன் விசாரணையைத் துளைகள் திறந்தபின் வைத்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

7. இப்போதைய நிலை. 9, 17, 33 ஆகியவற்றின் ஜோடிகள் வெளியே இருக்கின்றன. நேற்று இருட்டும் வரை பூச்சின் மேல் வந்து வந்து மோதி, கால் ஊன்ற இடமில்லாமல் வழுக்கி, மறுபடி வந்தன. உள்ளே முட்டைகள் மட்டும். சூடில்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அக்காவிடம் கேட்டேன். மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

8. 26-ஆம் துளைக்கு ஒரு மைனாதான் வெளியே இருக்கிறது.

9. அந்தத் துளையின் உட்பக்கம் எங்கள் சமையலறைச் சுவர். நேற்று மாலை பாத்திர அலமாரிக்குப் பின்னால் கீறும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அம்மா குழாயை மூடினார், அடுப்பை அணைத்தார். ஜன்னல் வழியாக எட்டி, திருப்புளியால் குத்திப் பார்த்தேன். இடுப்புவரை வெளியே போய்விட்டேன் போலும், அம்மா காலைப் பிடித்து இழுத்தபோதுதான் தெரிந்தது. நேற்று அந்தச் சிமெண்டில் நகம் பதிந்தது. இன்று காலை ஆறு மணிக்குப் பதியவில்லை. சத்தமும் விட்டுவிட்டுத்தான் வந்தது.

10. எந்த மனுவுக்கும் பதினைந்து வேலை நாட்களில் பதில் தரப்படும் என்று தங்கள் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. மற்ற மனுக்களுக்கு அது நியாயம்தான். பயத்தில் எனக்கு இதற்கு மேல் மரியாதையாக எழுதத் தெரியவில்லை, மன்னிக்கவும். நான்கு துளைகளையும் திறக்கலாம் என்று ஒரே ஒரு வரி, தங்கள் கையெழுத்துடன், இந்த மனுவின் பின்பக்கத்திலேயே எழுதித் தந்தால் போதும். அங்கே முப்பத்திரண்டு வீட்டாரும் கையொப்பமிட்டதுபோக இடம் விட்டிருக்கிறோம். கொத்தனார் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு எட்டு மணியிலிருந்து சுவருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். இன்றைய கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

11. நான் கிளம்பும்போது அம்மா அலமாரியை நகர்த்திவிட்டுச் சுவரில் காது வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “தூங்குதும்மா” என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன் ஐயா. இது மெய்யாகிவிட வேண்டும் என்று கும்பிட்டபடி படி இறங்கிய பொய் இது ஒன்றுதான்.

தாங்கள் வரும்வரை இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

நாள்: வியாழக்கிழமை, காலை 9.10
இடம்: தங்கள் அறைக்கு வெளியே, மூன்றாவது நாற்காலி

இந்த ஒருமுறை முற்றிலும் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வால்